முழங்காலுக்கு வந்த மலை வாசனை

எங்கள் அம்மாயிக்கு ராத்திரிச் சோறு முடிந்ததும் ஒரு வேலை காத்திருக்கும். திண்ணையில் காலை நீட்டி உட்கார்வார். சேலையை முழங்கால் வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டு, சின்னக் கண்ணாடிப் புட்டியைக் கவிழ்த்து உள்ளங்கையில் இரண்டு சொட்டு விடுவார். கட்டைவிரலால் முட்டியைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். தெருவில் போகிறவர்களுக்குக்கூட அவர் தைலம் போடுகிறார் என்று அந்த நேரத்தில் தெரிந்துவிடும். புட்டியைத் தொட்டுவிட்டு மடியில் வந்து விழும் என்னைத் தள்ளிவிட்டு, "கண்ணு, மொதல்ல கையக் கழுவீட்டு வா, கண்ணுல கிண்ணுல தொட்டுறாத" என்பார்.

சிங்கப்பூரில் இருந்த உறவுக்காரர் ஊருக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்து கொடுக்கும் கோடாலித் தைலம் அது. 1928ல் அங்கே தொடங்கிய தயாரிப்பு. மென்தால், யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம், மெத்தில் சாலிசிலேட் என்று அதன் சீட்டில் போட்டிருக்கும். முதல் மூன்றும் நமக்குப் பழகிய சாமான்கள். நான்காவதைப் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. முகர்ந்தால் தெரியாதவர் கிடையாது. கபடி விளையாடிவிட்டு வந்த பையனின் தொடையிலும், பிரசவித்தவளின் இடுப்பிலும், பேருந்து ஓட்டுநரின் கழுத்திலும் இருக்கும் வாசனை அது. தமிழ்நாட்டில் உடம்பு வலிக்கு ஒரு மணம் உண்டென்றால் இதுதான்.

அந்த மணம் ஒரு செடியில் இருக்கிறது என்பது எனக்குத் தெரிய வந்தது பல வருடங்கள் கழித்து. நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். சிகரத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பனிக்காலக் காலையில் சோலை ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். கூட வந்த உள்ளூர் நண்பர் பாதையோரப் புதரிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, "கசக்கிப் பாருங்க" என்று கொடுத்தார். தடித்த, தோல் போன்ற இலை. விளிம்பில் நுண்ணிய ரம்பப் பல். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள், ஊசி நுனியால் குத்தி வைத்ததைப் போல. காம்பில் லேசான சிவப்பு. கசக்கியதும் வந்தது வெறும் பச்சிலை வாசனைதான். ஏமாற்றத்தோடு மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன். பத்து வருவதற்குள் வாசனை மாறியது. அம்மாயியின் திண்ணை வந்துவிட்டது.

அந்தப் புதர் ஆளுயரம் இருந்தது. கிளை நுனிகளில் சரம் சரமாகப் பூ. ஒவ்வொன்றும் ஒரு நெல்மணி நீளத்துக்கு, வாய் குறுகிய வெள்ளைக் கலயத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போல இருந்தது. பக்கத்துக் கிளையில் பழம் கனிந்திருந்தது, கருநீல நிறத்தில். அந்தப் பழத்தில் ஒரு விசேஷம் உண்டு. நாம் பழம் என்று நினைத்துத் தின்னும் சதை உண்மையில் பூவின் புறஇதழ். அது பருத்து, நீலமாகி, உள்ளே இருக்கும் விதைக்கூட்டை மூடிக்கொள்கிறது. பறவைகள் அதைத் தின்று விதையைப் பரப்புகின்றன. மனிதரும் தின்னலாம். இமயமலைப் பிள்ளைகள் காட்டில் திரியும்போது பறித்துத் தின்னும் பழங்களில் இதுவும் ஒன்று.

ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் புட்டியில் 'கல்தேரியா' அல்லது 'விண்டர்கிரீன்' என்று எழுதியிருக்கும். வலித்தைலங்களின் சீட்டில் ஆயுர்வேத முறையில் பெயர் போட்டிருந்தால் 'கந்தபூர தைலம்' என்று வரும். இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் இந்தச் செடி உண்டு. சிங்களத்தில் வெல் கபுரு. கபுரு என்பது நம் கற்பூரம்தான். நீலகிரிக்காரர்கள் யூகலிப்டஸைக் கற்பூர மரம் என்கிறார்கள். மூக்கை அடைத்த சளியைக் கரைக்கும் எந்த வாசனைக்கும் நம் பக்கத்து மக்கள் கற்பூரத்தின் பெயரையே வைத்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நேபாளிகள் இதைத் தசிங்கரே என்பார்கள்.

கல்தேரியா என்ற பெயர் வெகுதூரத்திலிருந்து வந்தது. கனடாவின் கியூபெக்கில், பிரெஞ்சு அரசரின் மருத்துவராக 1742ல் வந்து சேர்ந்தவர் ழான் ஃபிரான்சுவா கோத்தியே. வைத்தியம் பார்த்த நேரம் போக மீதி நேரத்தில் செடி சேகரித்தார். 1749ல் சுவீடனிலிருந்து பேர் கால்ம் என்ற தாவரவியலாளர் அங்கே வந்தபோது இருவரும் சேர்ந்து காடுகளில் அலைந்தார்கள். வட அமெரிக்கக் காட்டுத் தரையில் படரும், பூர்வகுடிகள் கஷாயம் வைத்துக் குடித்துவந்த ஒரு குட்டிச் செடிக்கு நண்பரின் பெயரையே கால்ம் சூட்டினார். அவருடைய ஆசான் லின்னேயஸ் 1753ல் அதை நூலில் ஏற்றினார். அந்தக் குட்டிச் செடியின் பெரிய உறவுதான் நம்முடைய புதர். நேபாளத்திலிருந்து வந்த மாதிரியை வைத்து 1820ல் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் நாதானியேல் வாலிக் அதற்கு 'ஃபிராக்ரன்டிசிமா' என்று பெயரிட்டார். லத்தீனில் மிகமிக மணமுள்ளது என்று பொருள்.

நீலகிரிச் செடிக்கு வேறொரு பெயரும் இருந்தது. அது புதுச்சேரியோடு சம்பந்தப்பட்டது. பிரெஞ்சு அரசின் இயற்கையியலாளரான லெஷெனோ டெ லா தூர் 1816ல் புதுச்சேரிக்கு வந்து, அங்கே தாவரத் தோட்டத்தை அமைக்கும் பணியில் இறங்கியவர். உடல்நலம் கெட்டு நொந்துபோயிருந்த நிலையில் 1819ல் நீலகிரிக்கு ஏறினார். மலைக் காற்று அவரைத் தேற்றியது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் அப்போதுதான் அந்த மலையைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்தார். ஊட்டி என்ற ஊர் இன்னும் எழும்பவில்லை. லெஷெனோ அங்கிருந்து சேகரித்து அனுப்பிய செடிகளில் இதுவும் ஒன்று. அவர் பெயரால் கல்தேரியா லெஷெனோல்தி என்று வெகுகாலம் அழைக்கப்பட்டது. நேபாளச் செடியும் நீலகிரிச் செடியும் ஒன்றே என்று இப்போது பெரும்பாலோர் கொள்கிறார்கள். இமயத்துக்கும் நீலகிரிக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வெயில் சமவெளி கிடக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே செடி, ஒரே புள்ளிவைத்த இலை. நீலகிரியின் சிவப்புப் பூ மரமான ரோடோடெண்ட்ரானுக்கும் இதே கதைதான். அதுவும் இதே குடும்பம்.

பாட்டி வைத்தியத்தில் இந்தச் செடி செய்துவந்த வேலை பெரும்பாலும் ஒன்றே. நேபாளத்திலும் மேகாலயாவிலும் மூட்டு வலிக்கும் சுளுக்குக்கும் இலையை நசுக்கிப் பற்றுப் போடுவார்கள். காய்ச்சி எடுத்த எண்ணெயை மற்றொரு எண்ணெயில் கலந்து தேய்ப்பார்கள். சொறி சிரங்குக்கும் பூசுவதுண்டு. ஜாவாவில் இதன் உறவுச் செடிகளின் எண்ணெய்க்கு மின்யாக் கந்தபூரா என்று பெயர். அங்கேயும் கால் வலிக்குத்தான். கியூபெக்கின் குட்டிச் செடியை வட அமெரிக்கப் பூர்வகுடிகள் முதுகு வலிக்கும் காய்ச்சலுக்கும் கஷாயமாகக் குடித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இத்தனை ஜனங்களும் ஒரே வாசனையை ஒரே நோவுக்குக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உழைத்த உடம்புதான் முதல் ஆராய்ச்சிக்கூடம்.

அந்த உடம்பு கண்டுபிடித்ததற்கு 1843ல் ரசாயனப் பெயர் கிடைத்தது. ஃபிலடெல்ஃபியாவின் வில்லியம் புரோக்டர், பாரிசின் ஆகஸ்ட் காஹூர் ஆகிய இருவரும் தனித்தனியாக ஆராய்ந்து விண்டர்கிரீன் எண்ணெய் சாலிசிலிக் அமிலத்தின் வழியில் வந்தது என்று காட்டினார்கள். வில்லோ மரப்பட்டையில் காய்ச்சலைத் தணிக்கும் பொருளும் அதே குடும்பம். பிற்பாடு, 1897ல், ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் பிறந்த ஆஸ்பிரினும் அதே குடும்பம். அம்மாயி புட்டியிலிருந்து எடுத்துத் தேய்த்தது ஆஸ்பிரினின் ஒன்றுவிட்ட அக்காளை.

பொதுவாக ஒரு வாசனை எண்ணெயில் பல பொருள்கள் கலந்திருக்கும். இதில் அப்படி இல்லை; நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்குக் குறையாமல் மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரே பொருள். இந்த எண்ணெயின் பிற்கால வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்தது இந்தக் குணம்தான். ஒரே பொருளாக இருப்பதைத் தொழிற்சாலையில் செய்துவிடலாம் அல்லவா?

தொழிற்சாலை வருவதற்கு முன்னால் ஊட்டியில் நடந்த ஒரு முயற்சியைச் சொல்ல வேண்டும். நம் மலையின் மறந்துபோன அத்தியாயம் அது. மலேரியாவுக்குக் கொய்னா வேண்டும் என்று 1860 முதல் நீலகிரியில் அரசாங்கமே சின்கோனா மரம் வளர்த்தது. பட்டையில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்க ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளரை மதராஸ் அரசு ஊட்டியில் நியமித்திருந்தது. அவருடைய கண் சின்கோனாவோடு நிற்கவில்லை. சோலை ஓரங்களில் மண்டிக்கிடந்த கல்தேரியாவையும் காய்ச்சிப் பார்த்தார். அமெரிக்கச் செடியின் எண்ணெய் எதுவோ அதுவேதான் இதுவும் என்று கண்டார்.

அந்த நேரத்தில் உலகத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டது கார்பாலிக் அமிலம், இன்றைய பெயரில் ஃபீனால். அறுவை சிகிச்சையில் புண் சீழ் பிடிக்காமல் இருக்க அதைப் பயன்படுத்தலாம் என்று ஜோசப் லிஸ்டர் 1867ல் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரிகள் அதைக் கேட்டன, பட்டாளம் கேட்டது. இந்தியாவுக்கு அது கப்பலில் வர வேண்டும். பிராட்டனின் யோசனை எளியது. கல்தேரியா எண்ணெயைக் காரத்தோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் சாலிசிலிக் அமிலம் கிடைக்கும். அதைச் சுண்ணாம்போடு கலந்து சூடேற்றினால் கார்பாலிக் அமிலம் வடியும். நீலகிரிப் புதரிலிருந்து இந்திய ஆஸ்பத்திரிக்கான கிருமிநாசினி! 1871 வாக்கில் அவர் செய்தும் காட்டினார். கிடைத்த அமிலம் சுத்தமாகவும் இருந்தது. ஆனால் ஐரோப்பாவில் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த அமிலம் விலை இறங்கிக்கொண்டே வந்தது. மலையேறி இலை பறித்து, காய்ச்சி, மறுபடியும் காய்ச்சி எடுப்பது அதனோடு போட்டி போட முடியவில்லை. திட்டம் அத்தோடு நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஃபீனாலோடு கரியமில வாயுவைச் சேர்த்துச் சாலிசிலிக் அமிலம் செய்யும் வழியை ஜெர்மானியர் ஹெர்மன் கோல்பே முன்பே கண்டிருந்தார். 1874ல் டிரெஸ்டன் அருகே அதற்குத் தொழிற்சாலையே எழுந்தது. சாலிசிலிக் அமிலத்தோடு மெத்தனால் சேர்த்தால் மெத்தில் சாலிசிலேட். பிராட்டன் இலையிலிருந்து ஃபீனாலுக்குப் போட்ட பாதையில் உலகம் எதிர்த் திசையில் நடந்தது. இன்று கடையில் வாங்கும் பெரும்பாலான வலித்தைலங்களில் உள்ள விண்டர்கிரீன் வாசனைக்கு இலையோடு சம்பந்தமில்லை. பெட்ரோலியத்திலிருந்து வந்த ஃபீனாலில் பிறந்தது அது. அம்மாயியின் புட்டியில் இருந்ததும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இது மோசடி இல்லை. இரண்டும் ஒரே மூலக்கூறு. முட்டிக்கு இரண்டும் ஒன்றே. ஆலைச் சரக்கை இலைச் சரக்கு என்று சொல்லி விற்பதுதான் மோசடி, அது நிறையவே நடக்கிறது. மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகத்தில் ஒரு வழி இருக்கிறது. உயிருள்ள செடி காற்றிலிருந்து எடுக்கும் கரியில் கார்பன்-14 என்ற கதிரியக்க அணு மிகச் சிறிதளவு இருக்கும். பெட்ரோலியம் கோடிக்கணக்கான வருடங்கள் மண்ணுக்கடியில் கிடந்ததால் அதில் அந்த அணு முழுக்க அழிந்துபோயிருக்கும். எண்ணெயின் வயதைக் கேட்டால் அது உண்மையைச் சொல்லிவிடும்.

கடலுக்கு அந்தப் பக்கம் இந்த வாசனைக்கு வேறொரு வாழ்க்கை அமைந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய காலத்தில், ஆங்கிலேயத் தேயிலைக்குப் பதிலாகக் குட்டிச் செடியின் இலையைப் போட்டுக் குடித்தவர்கள் உண்டு. அங்கே அது பண்டத்தின் வாசனையாகவே வளர்ந்தது. சூயிங்கம், மிட்டாய், பற்பசை எல்லாவற்றிலும் விண்டர்கிரீன். இந்த மணமுள்ள சர்க்கரை மிட்டாயை இருட்டில் கண்ணாடி முன் நின்று கடித்தால் வாய்க்குள் நீலப் பொறி பறக்கும்; சர்க்கரைப் படிகம் உடையும்போது எழும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை மெத்தில் சாலிசிலேட் வாங்கி நீலமாகத் திருப்பித் தருகிறது. 1960களில் பிரிட்டனில் வாசனைகளை வரிசைப்படுத்தச் சொன்னபோது விண்டர்கிரீன் கடைசி இடங்களில் வந்தது. 1970களில் அமெரிக்காவில் அதே போன்ற சோதனையில் மேலே வந்தது. பிரிட்டிஷ்காரருக்கு அது போர்க்கால மருந்து, அமெரிக்கருக்குத் தின்பண்டம். நம் ஊரில் கேட்டிருந்தால் பிரியமாகவும் இருந்திருக்கும், வலியாகவும் இருந்திருக்கும். எனக்கு இரண்டும்.

செடி எதற்காக இதைச் செய்துகொள்கிறது? மனிதர் முட்டிக்காக என்று எந்தச் செடியும் மெனக்கெடாது. 1997ல் புகையிலைச் செடிகளை வைத்துச் செய்த ஆய்வில், வைரஸ் தாக்கிய செடி மெத்தில் சாலிசிலேட்டைக் காற்றில் விடுகிறது என்றும், பக்கத்துச் செடி அதை உள்வாங்கிச் சாலிசிலிக் அமிலமாக மாற்றித் தன் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிறது என்றும் தெரிந்தது. 2008ல் கலிஃபோர்னியாவின் வால்நட் தோப்பில் வறட்சியிலும் குளிரிலும் மரங்கள் இதே பொருளை வெளிவிடுவதை அளந்தார்கள். செடிகள் துன்பப்படும்போது போடும் சத்தம் இது. கல்தேரியா அதை இலை இலையாகச் சேமித்து வைத்திருக்கிறது.

அந்தச் சேமிப்பைத் திறப்பதில்தான் காய்ச்சுபவரின் கைத்திறன் இருக்கிறது. தொட்டபெட்டாவில் என் கையில் இருந்த இலை ஏன் பத்து எண்ணும் வரை காத்திருந்தது? நம் அடுப்படியில் இருக்கும் கடுகை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கடுகுக்குக் காரம் இல்லை. அரைத்துத் தண்ணீர் விட்டதும் மூக்கில் ஏறும். காரத்தைக் கட்டிவைத்திருக்கும் பொருளும் கட்டை அவிழ்க்கும் நொதியும் கடுகுக்குள் தனித்தனியாக இருக்கின்றன, அரைத்தால்தான் சந்திக்கும். கல்தேரியா இலையிலும் இதே ஏற்பாடு. எண்ணெய் சர்க்கரையோடு பிணைந்து, வாசனையில்லாமல் கிடக்கிறது. இலை நசுங்கினால் நொதி வந்து சர்க்கரையை வெட்டிவிடுகிறது. அதனால் பறித்த இலையை அப்படியே அடுப்பில் ஏற்றுவது வீண். லேசாக வாடவிட்டு, நறுக்கி அல்லது நசுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட வேண்டும். சுடுதண்ணீர் கூடாது, நொதி செத்துவிடும்.

மறுநாள் காய்ச்சுதல். நீலகிரியில் கற்பூர மர இலை காய்ச்சும் கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புரியும். பெரிய செம்பு அண்டா, அதன் தலையில் மூடி, மூடியிலிருந்து நீளும் குழாய். குழாய் ஓடைத் தண்ணீருக்குள் முங்கிப் போகும். முந்தின நாள் காய்ச்சிய சக்கைதான் இன்றைய விறகு. ஆவி குளிர்ந்து தண்ணீரும் எண்ணெயுமாகக் கலந்து சொட்டும். யூகலிப்டஸ் என்றால் எண்ணெய் மேலே மிதக்கும், வழித்து எடுத்துக்கொள்ளலாம். கல்தேரியா மூழ்கிவிடும். ஒரு லிட்டர் எண்ணெய் 1,180 கிராம் கனக்கும். தண்ணீருக்கு அடியில் போய்க் கனமான துளிகளாக உட்கார்ந்திருக்கும். பாத்திரத்தின் அடியிலிருந்துதான் இறக்க வேண்டும். புதிதாக வந்த எண்ணெய் நிறமில்லாமலோ இளமஞ்சளாகவோ இருக்கும். எங்காவது இரும்பு பட்டிருந்தால் செந்நிறம் ஏறிவிடும். சாலிசிலேட்டுக்கு இரும்பைக் கண்டால் அப்படி ஒரு குணம்.

நூறு கிலோ இலைக்குக் கிடைப்பது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல்; நல்ல இலை, நல்ல கை என்றால் முக்கால் கிலோ. ஒருவர் தலைச்சுமையாகக் கொண்டுவரும் இலைக்கு ஒரு டம்ளர்கூட நிரம்பாது. அந்தக் கூலியையும் ஆலைச் சரக்கின் விலையையும் பக்கத்தில் வைத்தால், நீலகிரியில் இலை காய்ச்சி எடுக்கும் எண்ணெய் ஏன் அருகிப்போனது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. ஊட்டி, கொடைக்கானல் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒவ்வொரு புட்டியும் மலை இலையிலிருந்து வந்திருக்க வழியில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

நேபாளம் இதை வேறு விதமாகக் கையாள்கிறது. தோலகா போன்ற மலை மாவட்டங்களில் சமூகக் காடுகள் ஊராரின் பொறுப்பில் இருக்கின்றன. ஊர்ச் சங்கமே காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் அறுத்தால் அது தழைத்து வரும் வரை அடுத்த பகுதிக்குப் போகிறது. அடியோடு பிடுங்காமல் கிளையை மட்டும் அறுத்தால் கல்தேரியா சலிக்காமல் துளிர்க்கும். அங்கே காய்ச்சிய எண்ணெய் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. இலையிலிருந்து வந்ததுதான் வேண்டும் என்று கூடுதல் விலை கொடுப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். இந்த வழி நீலகிரிக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன், ஒரு மாற்றத்தோடு. நீலகிரியின் சோலையும் புல்வெளியும் ஏற்கெனவே நொந்துபோயிருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட சீகை மரமும், மஞ்சள் பூ பூக்கும் ஸ்காட்ச் புரூம் செடியும் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. கல்தேரியா நிற்பது சோலையும் புல்வெளியும் சந்திக்கும் விளிம்பில். காற்றையும் உறைபனியையும் முதலில் வாங்கிக்கொள்ளும் இடம் அது. அந்த விளிம்பில் கை வைக்கக் கூடாது. காட்டு இலை வேண்டாம். தோட்டத்தில் வளர்க்க வேண்டும்.

வளர்ப்பது கஷ்டம் என்று சொல்ல மாட்டேன், பொறுமை வேண்டும் என்பேன். விதை தூசு போல இருக்கும். அதை மண்ணுக்குள் புதைக்காமல், மேலாகத் தூவி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்று முதல் வருடத்தில் விரல் நீளத்தைத் தாண்டாது. அதைவிட, பாதி முற்றிய கிளையை வெட்டி மணலும் இலைமக்கும் கலந்த படுக்கையில் நிழலில் ஊன்றுவது சுலபம். தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண்தான் இதற்கும் ஏற்றது. சுண்ணாம்பு மண் பட்டால் இலை மஞ்சளித்துப்போகும். வேர் ஆழமாகப் போகாது, பூஞ்சையோடு கூட்டு வைத்துக்கொண்டு மேல்மண்ணிலேயே பரவும். அதனால் அடியைக் கொத்திக் கிளறக் கூடாது. தண்ணீர் தேங்கவும் கூடாது. தேயிலை விலை விழுந்து மலைச்சரிவின் ஓரங்களைச் சும்மா போட்டிருக்கும் சிறு விவசாயிகள் கோத்தகிரிப் பக்கமும் குந்தாப் பக்கமும் நிறைய இருக்கிறார்கள். ஓரத்துக்கு வேலியாகவும் சரிவுக்கு மண் பிடிப்பாகவும் இருக்கக்கூடிய, அந்த மலையிலேயே பிறந்த செடி இது. தோட்டக்கலைத் துறை நாற்று வளர்த்துக் கொடுக்க முன்வந்தால், இலை எண்ணெய்க்கு உரிய சான்றிதழும் கிடைத்தால், பிராட்டனால் முடியாதது இப்போது முடியலாம். அன்று அவர் விற்க நினைத்தது மலிவுச் சரக்கு. இன்று விற்க வேண்டியது அபூர்வச் சரக்கு.

கடைசியாக வீட்டு அலமாரியைப் பற்றி. இந்த எண்ணெய் தோல் வழியாக உள்ளே இறங்கும். இறங்கித்தான் வேலை செய்கிறது. மேல்தோலைச் சூடாக்கி ரத்தத்தை வரவழைக்கும். உள்ளே போன கொஞ்சம் சாலிசிலிக் அமிலமாக மாறி வீக்கத்தைத் தணிக்கும். அதனால் ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், டாக்டரைக் கேட்காமல் இதைத் தேய்க்கக் கூடாது. குழந்தைகளுக்குப் போடவே கூடாது. தேய்த்த இடத்தில் சுடுதண்ணீர்ப் பை வைக்கக் கூடாது, துணி சுற்றி இறுக்கவும் கூடாது. உள்ளே போகும் அளவு எகிறிவிடும். சுற்றுலா போன இடத்தில் வாங்கிவந்த சுத்த எண்ணெய் என்றால் நேரடியாக ஒருபோதும் பூசாதீர்கள். கைநிறையத் தேங்காய் எண்ணெய்க்குச் சில சொட்டு போதும்.

மிட்டாய் வாசனை அடிக்கும் எண்ணெய் இது என்பதை மறக்க வேண்டாம். சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, உள்ளே போனால் அது 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். சின்னக் குழந்தையின் உயிருக்கு அதற்கும் குறைவே போதும். தப்பித் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கப் பார்க்காமல், புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அம்மாயி கையைக் கழுவச் சொன்னது கண்ணுக்காக மட்டும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். தேய்த்து முடித்ததும் அவர் புட்டியை உத்தரத்துக்குப் பக்கத்தில், எங்கள் யாருக்கும் எட்டாத மாடத்தில் வைப்பார். உங்கள் வீட்டிலும் ஒரு புட்டி இருக்கும். இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்; பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் இருந்தால் எடுத்து மேலே வையுங்கள்.